தொப்பிக்குத் தேதி தெரியாது

எங்கள் காவல் நிலையத்தில் கைதாகிறவர்கள் எல்லோரும் பேருந்து நிறுத்தத்தில்தான் கைதாவார்கள். திருடனோ, அடிதடிக்காரனோ, எவனாக இருந்தாலும் வெள்ளூரணி பேருந்து நிறுத்தம் அருகே சந்தேகப்படும்படி நின்றுகொண்டிருப்பான். எங்களைக் கண்டதும் ஓட முயல்வான். நாங்கள் விரட்டிப் பிடிப்போம். பதினெட்டு வருடமாக இதை நான்தான் எழுதுகிறேன். இத்தனை குற்றவாளிகள் அங்கே நின்றால் நல்ல மனிதர்கள் எங்கே நின்று பஸ் ஏறுவார்கள் என்று ஒரு நீதிபதிகூட என்னைக் கேட்டதில்லை.

என் பெயர் உலகம்மாள். ஏட்டு. நிலையத்தின் ரைட்டர். புகார், பொதுக் குறிப்பேடு, கைதுக் குறிப்பு, பறிமுதல் பட்டியல் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். இப்போது எல்லாம் கணினியில் தட்டுவதுதான், ஆனாலும் பெயர் ரைட்டர் என்றே நின்றுவிட்டது.

பேருந்து நிறுத்தம் எதற்கு என்றால், நேரத்துக்காக. கைது செய்தவனை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. சரி, அந்த இருபத்துநான்கு மணி நேரம் எப்போது தொடங்குகிறது? நான் எழுதும்போது. வீட்டு வாசலில் வைத்துத் தூக்கினோம் என்று எழுதினால் வீட்டார் நேரம் சொல்வார்கள், எதிர்வீட்டார் சொல்வார்கள். பேருந்து நிறுத்தத்தில் யார் இருக்கிறார்கள்? ஆகவே ஆளை முதலில் கொண்டுவந்துவிடுவது; "விசாரணைக்கு வந்திருக்கான்" என்று வீட்டாரிடம் சொல்வது; ஓரிரு நாள் பேசிப் பார்ப்பது; பிறகு நல்ல நேரமாகப் பார்த்துக் கைது எழுதுவது. ஜோசியர் முகூர்த்தம் குறிப்பதுபோல் எத்தனை பேருக்கு நேரம் குறித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சேர்மக்கனிக்கும் அப்படித்தான் குறித்தேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவனைத் தூக்கி வந்தோம். வியாழன் காலை பத்து நாற்பதுக்குப் பேருந்து நிறுத்தத்தில் கைது என்று எழுதினேன். நிலையத்துக் கேமராவுக்குச் செவ்வாயும் புதனும் உடம்பு சரியில்லை. தேவைப்படுகிற நாட்களில் அது படுத்துக்கொள்ளும்.

கொலையுண்டவர் தங்கபுஷ்பம் சிஸ்டர். ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், அறுபத்தெட்டு வயது, தனியாக இருந்தவர். ஊரில் பாதிப் பேரின் தோளில் அவர் போட்ட ஊசித் தழும்பு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் ஊற்ற வந்த பெண், கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துக் கத்தினாள். அம்மிக் குழவியால் தலையில் அடித்திருந்தான், எவனோ ஒருவன். ஊரே நிலையத்தின் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. கடைகள் திறக்கவில்லை. மேலிடத்திலிருந்து அரை மணிக்கு ஒரு போன் வந்தது.

சேர்மக்கனிக்கு இருபத்தேழு வயது. மொட்டைமாடிகளில் இருக்கும் சூரியத் தகடுகளைக் கழுவிக் கொடுப்பது அவன் தொழில். சனிக்கிழமை மத்தியானம் சிஸ்டர் வீட்டுத் தகடுகளைக் கழுவியிருக்கிறான். ஒன்றில் விரிசல் விழுந்துவிட, சிஸ்டர் தெருவுக்கே கேட்கும்படி திட்டியிருக்கிறார். இவனும் எதிர்த்துப் பேசியிருக்கிறான். இன்ஸ்பெக்டருக்கு அது போதுமாக இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் போதுமாகத்தான் இருந்தது.

அவன் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னான்.

"வெளி ஏணில ஏறி மாடிக்குப் போனேன்யா. கழுவுனேன், எறங்குனேன். அந்த வீட்டுக்குள்ள நான் காலே வைக்கல. உள்ள கருப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது."

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் அந்த வீட்டுக்குள் கொண்டுபோகப்பட்டான். சம்பவ இடத்தைக் கண்ணால் பார்த்தால் செய்தவன் மனசு இளகும், வாய் திறக்கும் என்பது எங்கள் துறையில் பழைய நம்பிக்கை. கூடம், படுக்கையறை, அடுக்களை என்று கால் மணி நேரம் எல்லாம் அவனுக்குக் காட்டப்பட்டது. அவன் அழுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. வியாழக்கிழமை கைதாகப் போகிறவன் செவ்வாய்க்கிழமை எங்கே போனான் என்று நாங்கள் எப்படி எழுத முடியும்?

தொப்பி என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் இதுவும் மற்றதுபோலப் போயிருக்கும்.

தொப்பி என்பது, தலையில் மாட்டி மூளையைச் சோதிக்கிற கருவிக்கு நாங்களாக வைத்த பெயர். அரசு ஆணையில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்குப் பெயர் இருக்கிறது. ஒருவனைக் கட்டாயப்படுத்தி அவன் மூளையைச் சோதிப்பது, அவனை அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வைப்பதாகும், அது கூடாது என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. அதனால் புதுச் சட்டம் சம்மதம் கேட்டது. மாஜிஸ்ட்ரேட் முன்னால், வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டவனுக்கு, சோதனையில் காட்டுகிற சம்பவ இடத்துப் படங்கள் இருபதில் பதினைந்துக்கு மேல் எதிராக வந்துவிட்டால், வழக்கு முடியும்வரை ஜாமீன் கிடையாது. வழக்கு முடிய இப்போதும் ஆறேழு வருடம் ஆகிறது. அதை மட்டும் விஞ்ஞானத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வியாழக்கிழமை மாலை கோர்ட்டில் அவனுக்காக வந்தவர் ரெஜினா பர்னாந்து, சட்ட உதவி மையத்து வக்கீல். அவர் அவன் காதோரம் சொன்னது எனக்கும் கேட்டது.

"வேண்டாம்னு சொல்லு தம்பி. மாட்டேன்னு சொன்னா ஒம்மேல ஒரு குத்தமும் வராது. அதை வெச்சு ஒன்னைச் சந்தேகப்படக்கூடக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு."

"செய்யாதவன் எதுக்குக்கா பயப்படணும்? தொப்பி உண்மையச் சொல்லிரும்லா?"

கையெழுத்துப் போட்டுவிட்டான். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் எங்கள் நிலையத்துப் பக்கம் வந்திருக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குள் போனதை அவன் அப்போது நினைக்கவே இல்லை, ரெஜினாவிடம் சொல்லவும் இல்லை. தொப்பி பொய்யா மெய்யா பார்க்கும் என்றுதான் அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை சோதனை வண்டி எங்கள் வளாகத்துக்குள் வந்து நின்றது. உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, எதிரே ஒரு திரை, ஓரத்தில் ரெஜினாவுக்கு ஒரு இருக்கை, பதிவு எழுத எனக்கு ஒரு இருக்கை. சோதனை அலுவலர் மெஹராஜ் பானு, என் தங்கை வயது இருக்கும். சேர்மக்கனியின் தலையில் வலைபோல ஒன்றை மாட்டி, ஈரப் பசை தடவிக்கொண்டே பேசினாள்.

"பொய் சொன்னா லைட் எரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"இது பொய் மெய் பாக்குற மிஷின் இல்லக்கா. எண்பது படம் காட்டுவேன். இருபது அந்த வீட்டுல எடுத்தது, மிச்சம் வேற வேற வீடுங்க. முன்னாடியே பார்த்த ஒண்ணைத் திரும்பப் பார்த்தா மூளை சின்னதா ஒரு துள்ளு துள்ளும். கண்ணை இமைக்கிறதுக்குள்ள. அதை யாராலயும் அடக்க முடியாது."

"எப்போ பார்த்தான்னும் சொல்லுமா?"

ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டபோது மனதில் ஒன்றுமே இல்லை.

"அது எப்படிக்கா சொல்லும்? மூளையில தேதி முத்திரை குத்தியா வெச்சிருக்கு? பார்த்திருந்தாப் பச்சை லைட்டு, பார்க்கலைன்னா சிவப்பு. அவ்வளவுதான்."

எனக்குச் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. நாற்காலியில் சேர்மக்கனி நிம்மதியாகச் சாய்ந்திருந்தான். இன்னும் சிறிது நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நம்புகிறவனின் முகம் அது. நிறுத்துங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படங்கள் ஓடின. வேறு யாரோ வீட்டு ஊஞ்சல், விளக்கு சிவப்பு. வேறு யாரோ வீட்டு அடுப்பு, சிவப்பு. சிஸ்டர் வீட்டு நீல பீரோ, பச்சை. கூடத்து மாதா படம், பச்சை. கட்டில், பச்சை. அடுக்களை ஜன்னலில் கவிழ்த்து வைத்த தூக்குச்சட்டி, பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் ரெஜினாவின் முகம் ஒரு சுற்று இறுகியது. அம்மிக் குழவி வந்தது.

சிவப்பு.

பூப்போட்ட தலையணை, சிவப்பு. கண்ணாடி நொறுங்கிய சுவர்க் கடிகாரம், சிவப்பு. பிறகு மறுபடி பச்சை, பச்சை.

"இருபதுக்குப் பதினேழு," என்றாள் மெஹராஜ், யாரையும் பார்க்காமல். "மத்த அறுபதுல ஒண்ணுகூட இல்லை."

சேர்மக்கனி வலையோடு எழுந்து உட்கார்ந்தான். ரெஜினா அவனிடம் மெதுவாக, அந்த வீட்டை நீ உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாய் என்று சோதனை சொல்கிறது என்றார். அவனுக்குப் புரிய ஐந்தாறு நொடி ஆயிற்று.

"அது எப்படிக்கா... செவ்வாக்கெழம! செவ்வாக்கெழம கூட்டிட்டுப் போனீங்கள்லா! அக்கா, நீங்க சொல்லுங்கக்கா!"

என்னைப் பார்த்துத்தான் கத்தினான். வண்டிக் கதவருகே நின்ற இன்ஸ்பெக்டர் தவசிமுத்து குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"எந்தச் செவ்வா? ஒன்னயப் பிடிச்சதே வியாழந்தானடே."

நான் குனிந்து 'பதினேழு' என்று எழுதினேன்.

அன்று பிற்பகல் பறிமுதல் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். தேடவே வேண்டியதில்லை, எழுதியவள் நான்தானே. குழவி, தலையணை, கடிகாரம் மூன்றும் திங்கட்கிழமை மத்தியானம் சீல் வைத்து ஆய்வகத்துக்குப் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் அவை இல்லை. செவ்வாய்க்கிழமை அங்கே இருந்ததெல்லாம் அவனுக்குத் தெரிகிறது; அதற்கு முன்பே போய்விட்டவை தெரியவில்லை. பீரோவின் நிறம் தெரிந்த கொலைகாரனுக்குத் தன் கையில் பிடித்த குழவி தெரியாமல் போகுமா? அவன் செய்யவில்லை. எனக்கு அப்போது அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிட்டது, தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

கோர்ட்டுக்குப் போகிற அறிக்கையில் பதினேழு என்ற எண் மட்டும்தான் இருக்கும். எந்தப் படம் பச்சை, எது சிவப்பு என்பது முத்திரையிட்ட கோப்பில் கிடக்கும். நீதிபதி கேட்டால் திறப்பார்கள். காரணம் இல்லாமல் எந்த நீதிபதியும் கேட்பதில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரின் அறைக்குப் போனேன். தவசிமுத்து நல்ல மனிதர், இப்போதும் சொல்வேன். என் வீட்டுக்காரருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனபோது பதினான்கு நாள் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அவர் இல்லாவிட்டால் நான் இந்தக் காக்கியை எப்போதோ கழற்றியிருப்பேன்.

"ஐயா, அந்த மூணு படம்..."

"பதினேழு எடுத்திருக்கான் உலகு. நான் பத்தாங்கிளாஸ்லகூட எடுக்காத மார்க்கு."

"கொழவி தெரியலைன்னு வந்திருக்குய்யா. தலையாணி தெரியல, கடிகாரம் தெரியல. மூணையும் திங்கக்கெழமையே அனுப்பிட்டோம். செவ்வாக்கெழம பார்த்தது மட்டுந்தான் அவனுக்குத் தெரியுது."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. முப்பது வருட சர்வீஸ், சொல்லி விளங்க வைக்க வேண்டியதில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யார்ட்டயும் சொன்னியா?"

"இல்லய்யா."

"இப்ப அவனை விட்டா ஊரு நம்மளத் தின்னுரும். அறிக்கை கோர்ட்டுக்குப் போகட்டும். அப்புறம் செசன்ஸ்ல அவன் வக்கீல் பாத்துக்கிடுவா."

"செசன்ஸ் வர ஆறு வருசம் ஆகும்யா. அதுவரைக்கும் ஜாமீனே கெடையாது."

"உலகு, செவ்வாக்கெழமன்னு ஒண்ணு நடக்கவே இல்ல. ஒன் எழுத்து, ஒன் கையெழுத்து. யாரு வந்து கேட்டாலும் என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. என்னையத் தொப்பி போடச் சொன்னாலும் மாட்டேம்பேன். அது எனக்கும் உரிமைதான? சட்டம் கள்ளனுக்கு மட்டுமா குடுத்திருக்கு?"

இன்னொன்றும் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கம்தான். அவர் பயந்துபோயிருந்தார். கையில் இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நான் வெளியே வரும்வரை.

மறுநாள் மத்தியானம் நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் ரெஜினா பர்னாந்து நின்றுகொண்டிருந்தார். கைதுக் குறிப்பின் நகலை இன்னொரு நகல் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கடைக்காரரிடமிருந்து நாலடி தள்ளி வந்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு அறிக்கையத் தாக்கல் பண்ணுதாங்க ரைட்டரம்மா. ஏத்துக்கிட்டா முடிஞ்சுபோச்சு. அவன் பொண்டாட்டி செவ்வாக்கெழம காலையில தூக்கிட்டுப் போனாங்கன்னு சொல்லுதா. பொண்டாட்டி அப்படித்தானே சொல்லுவாம்பாங்க. தெருவுல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காங்க. அவன் ஒங்க பேரத்தான் சொல்லுதான்."

"நான் ஒண்ணும் சொல்லுததுக்கில்லம்மா."

"சரி, சொல்ல வேண்டாம்." அவர் குரலில் கேலி இல்லை. "சொல்லாம இருக்க ஒங்களுக்கு உரிமை இருக்கு. சாசனத்துல இருபதாவது பிரிவு, மூணாவது உட்பிரிவு. குத்தம்னு வந்துட்டா தனக்கு எதிரா சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அன்னிக்கு அவனுக்குச் சொன்னேன், இன்னிக்கு ஒங்களுக்குச் சொல்லுதேன்."

"நீங்க அவன் வக்கீல்தானம்மா? என்னையச் சொல்ல வைக்கத்தான வந்திருக்கீங்க?"

"ஆமா. ஆனா ஏமாத்திச் சொல்ல வைக்க மாட்டேன். நீங்க வாயத் தொறந்தா பொய்ப் பதிவு எழுதுனதுக்கு ஒங்க மேல கேஸ் வரும். வேலை போகும். உள்ளயும் போக வேண்டியிருக்கும். இவ்வளவும் தெரிஞ்ச பொறவு சொன்னாத்தான் அது நீங்க சொன்னதா இருக்கும்."

நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். மிரட்டியிருந்தால் பதிலுக்கு மிரட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கடை வாசலிலேயே நின்றேன். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான். வீட்டுக்காரரால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. மகள் நர்சிங் இரண்டாம் வருடம். இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, மறு பக்கம் முன்பின் தெரியாத ஒருவனின் ஆறு வருடத்தை வைத்து எடை போட்டுப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வீட்டுப் பக்கம்தான் தாழ்ந்தது.

ஆனாலும் புதன்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோர்ட்டில் இருந்தேன். சீருடையில் இல்லை, சாதாரணச் சேலையில். கையில் ஜீப் ஓட்டப் புத்தகம். செவ்வாய் பகல், நிலையத்திலிருந்து சிஸ்டர் தெருவுக்கு, திரும்ப நிலையத்துக்கு என்று டிரைவர் வழக்கம்போல எழுதி வைத்திருந்தார். கைதுக் கணக்குகளில் பொய் எழுதச் சொல்லிக் கொடுத்த நாங்கள் ஜீப் கணக்கை மறந்துவிட்டோம்.

மாஜிஸ்ட்ரேட் செந்தாமரை தன் அறையில் இருந்தார். கண்டிப்பானவர், எங்கள் ஆட்கள் அவர் முன்னால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு நிமிர்ந்தார்.

"வாக்குமூலம் எழுதுறப்போ போலீஸ் யாரும் இந்த அறையில இருக்கக் கூடாது," என்றார் வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம்.

"நானே போலீஸ்தாம்மா," என்றேன்.

"இந்த நிமிஷத்துல இல்ல."

யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சொன்னால் அது எனக்கு எதிராகவே பயன்படும் என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்த மூலை ரூம்ல போய் ஒரு மணி நேரம் தனியா உட்காருங்க. யோசிங்க. திரும்பிப் போறதுன்னா பின்வாசல் வழியா போயிடலாம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பழைய கோப்புகள் அடுக்கிய அறை. ஒரு ஸ்டூல், ஒரு மின்விசிறி. பத்து நிமிடத்தில் போன் அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர். எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. பிறகு ஒரு செய்தி வந்தது: 'எங்கே இருக்கே உலகு. வந்துரும்மா.' அந்த 'ம்மா'வைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. பின்வாசல் திறந்துதான் கிடந்தது. வெளியே வேப்பமரத்தடியில் யாரோ ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை எழுந்து அந்த வாசல்வரை போனேன். மூன்றாவது முறை எழுந்தபோது மாஜிஸ்ட்ரேட் அறைக்குப் போனேன்.

ஜீப் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய் காலை எட்டு மணி, பல் தேய்த்துக்கொண்டிருந்தது, வியாழன் பத்து நாற்பது என்று நான் குறித்தது. திங்கட்கிழமை போன மூன்று பொருட்கள், சிவப்பாக வந்த மூன்று படங்கள். மாஜிஸ்ட்ரேட் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனது யாரு?"

இத்தனை நேரம் இதைப் படித்துவந்த உங்களிடமும் நான் அதைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் என்னிடம் கடைசியாகச் சொன்னதும் அதைத்தான்: "நான் எழுதச் சொன்னேன், சரி. கூட்டிட்டுப் போனது யாருன்னு யோசிச்சுக்கோ."

"நான்தாம்மா," என்றேன்.

"இன்ஸ்பெக்டர் உத்தரவா?"

"இல்லம்மா. அந்த யோசனையச் சொன்னதே நான்தான்."

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் லத்தியைக் கையில் எடுத்துவிட்டார். சேர்மக்கனியை இரண்டு பேர் பிடித்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். "அடிக்க வேண்டாம்யா, புள்ளையப் பார்த்தாப் பாவமா இருக்கு. வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிக் காட்டுதேன். அழுதுக்கிட்டே சொல்லிருவான்," என்றேன். அவர் லத்தியை மூலையில் சாத்தி வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த நிலையத்தில் ஒருவனாவது அடி வாங்காமல் விசாரிக்கப்படுகிறான், என்னால், என்று நினைத்தேன்.

அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒவ்வொரு அறையாக நடத்தியது நான். பீரோவைக் காட்டியது நான். மாதா படத்தைக் காட்டியது நான். படுக்கையறைத் தரையில் காய்ந்து கிடந்ததைப் பார்த்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். "கண்ணத் தொற. நல்லாப் பாரு. ஒண்ணு விடாமப் பாரு," என்றேன். திறந்து பார்த்தான். நான் சொன்னதால் ஒன்று விடாமல் பார்த்தான். அத்தனையும் சொல்லி முடித்தேன். மாஜிஸ்ட்ரேட் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

பதினொரு மணிக்கு அறிக்கை தாக்கலானது. முத்திரையிட்ட கோப்பைத் திறக்கச் சொல்லி உத்தரவானது. மாலை நான்கு மணிக்குச் சேர்மக்கனிக்குச் சொந்த ஜாமீன். ரிமாண்டே செல்லுமா என்று தனியாக விசாரிக்கவும் உத்தரவு. தவசிமுத்து ஒன்றும் சொல்லவில்லை. தொப்பி போடச் சம்மதமா என்று கேட்டதற்குச் சம்மதமில்லை என்றார், மாஜிஸ்ட்ரேட் அதை அப்படியே குறித்துக்கொண்டார். அவர் உரிமை அது. நாலரைக்கு எனக்குப் போன் வந்தது, சஸ்பெண்ட் என்று. சிஸ்டரைக் கொன்றவன் எங்கேயோ நடமாடிக்கொண்டிருந்தான். அவனை இனிமேல்தான் தேட வேண்டும்.

கோர்ட்டு நடையில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சேர்மக்கனி வெளியே வந்தான். பக்கத்தில் அவன் மனைவி. ரெஜினா பின்னால் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நின்றான். நான் எழுந்து நின்றேன்; ஏன் எழுந்தேனென்று தெரியவில்லை, எட்டு நாளைக்கு முன்னால் அவன்தான் என்னைக் கண்டு எழுந்து நின்றான். ஒரு நன்றியை எதிர்பார்த்தேனா? பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

"அன்னிக்கு அடிக்க வேண்டாம்னு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சுக்கா," என்றான். "நல்லவங்கன்னு நெனச்சுத்தான் ஒங்க பின்னாடி வந்தேன்."

"தம்பி..."

"கண்ண மூடுனா அந்த ரூமுதான் வருது. தரையில கெடந்தது, அந்த பீரோ, எல்லாம் அப்படியே வருது. நான் போகாத வீடு." அவன் குரல் உயரவே இல்லை. "அடிச்சிருந்தா இதுக்குள்ள ஆறியிருக்கும்க்கா."

அவன் மனைவி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல நான் வாயெடுத்தபோது இருவரும் படியிறங்கிப் போய்விட்டிருந்தார்கள்.